எருதுக்கும் உண்டோ காப்பு?

தருமபுரி மாவட்டத்திற் பென்னாகரம் செல்லும் பெருவழியினின்றும் சற்று விலகிய சிற்றூர் எம்முடையது. வானம் பார்த்த பூமி. கேழ்வரகும் சாமையும் அவரையும் கொள்ளுமே ஆண்டு முழுதும் எமக்கு உணவு. மார்கழித் திங்களின் இறுதி நாளாகிய போகியன்று மாலை எம்மூரார் காப்புக் கட்டுவர். வேப்பிலை, ஆவாரம்பூங்கொத்து, பூளைப்பூ ஆகிய மூன்றையும் ஒரு பிடியாகச் சேர்த்துக் கட்டி வீட்டு இறவாரத்திற் செருகுவர். மாட்டுக் கொட்டிலிற் செருகுவர். கொல்லை மூலையிலும் கிணற்று மேட்டிலும் எருக்குழியிலுங்கூடச் செருகுவர். நோயும் கேடும் அவ்வெல்லையைக் கடந்து வாரா என்பது அவர் நம்பிக்கை. இச் செயலைச் சிறு பிராயந்தொட்டுக் கண்டிருந்தும், அதனுள் ஓர் இலக்கண வினா பொதிந்து கிடத்தலை யாம் உணர்ந்தது இக் கல்லூரியிற் சேர்ந்து தமிழைச் சிறப்புப் பாடமாகப் பயிலத் தொடங்கிய பின்னரே.

வினா பிறந்த வரலாற்றை முன்னர்க் கூறுவோம். எம் தந்தையார் ஐந்தாம் வகுப்பிற் பயின்ற காலத்து நிகழ்ந்தது இது. எம் பாட்டனார் வாயிலாகப் பன்முறை கேட்டோம். பாட்டனாரிடம் அந்நாளில் ஒற்றை எருதே இருந்தது. அதற்கு மயிலை என்று பெயர். அண்டை வீட்டாரிடம் ஒரு செவலை. அவரிடம் முன்னர் ஓர் இணை இருந்தது; முந்தின ஆண்டு வெக்கை நோய் கண்டு ஒன்று மாண்டது. ஒற்றை எருதினர் இருவரும் ஒன்று சேர்ந்து ஏர் பூட்டி, இவர் நிலத்தை ஒரு நாளும் அவர் நிலத்தை ஒரு நாளுமாக உழுது வந்தனர். நுகமும் கலப்பையும் அண்டை வீட்டாருடையவை. ஆதலின் மயிலையும் பெரும்பாலும் அவர் கொட்டிலிலேயே செவலையின் பக்கத்தே நின்றது. எம் வீட்டார் கிறித்தவர். அவர் வீட்டார் மாரியம்மனை வழிபடுவோர். இவ்வேற்றுமை அதுகாறும் ஏர்ச்சாலிற் குறுக்கிட்டதில்லை.

அவ்வாண்டுப் போகியன்று அண்டை வீட்டார் தம் கொட்டிலிற் காப்புக் கட்டினார். வெக்கையின் அச்சம் நெஞ்சில் நின்றமையின், இறவாரத்திற் செருகியதோடு அமையாது இரண்டு எருதுகளின் கழுத்துக் கயிற்றிலும் ஒவ்வொரு கொத்து முடிந்தார். பின்னர் எம் வீட்டிற்கு வந்து, "அண்ணா, உங்கள் எருதுக்கும் சேர்த்தே கட்டிவிட்டேன். உங்கள் கோயிலில் இது குற்றமாகுமோ?" என்று கேட்டார். கேளாமலே விட்டிருப்பின் ஒன்றும் விளைந்திராது. நன்மனம் உடையார் கேட்டுவிடுகின்றனர்.

செய்தி சபையின் மூப்பர் ஒருவர் செவிக்கு எட்டியது. அவர் தீயவர் அல்லர். நோயுற்றோர் இல்லந்தோறும் நள்ளிரவிலும் நடந்து சென்று செபம் செய்தவர். ஆயினும் வேத வாக்கியத்தை எழுத்தெழுத்தாகக் கொள்வார். அவிசுவாசிகளோடு ஒரே நுகத்திற் பிணைப்புண்ணாதிருங்கள் என்று பவுல் அப்போஸ்தலர் கொரிந்தியர்க்கு எழுதிய இரண்டாம் நிருபத்திற் கூறியிருத்தலை எடுத்துக்காட்டி, "இங்கு நுகமும் ஒன்று, இப்பொழுது காப்பும் ஒன்றாயிற்று. எருதை ஓட்டி வாரும்" என்றார். பாட்டனார் அன்றிரவே சென்று, கழுத்துக் கொத்தை அவிழ்த்துக் கொட்டிற் கம்பத்தில் வைத்துவிட்டு, மயிலையை ஓட்டி வந்தார். அண்டை வீட்டார் விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றாரேயன்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை என்ப. பின் நிகழ்ந்ததைப் பின்னர்க் கூறுவோம்.

மனிதன் தனக்கென்று செய்துகொள்ளும் காப்பு, அவனோடு உழைக்கும் விலங்குக்கும் செல்லுமோ? செல்லுமாயின் எவ்விதியாற் செல்லும்? விலங்கின் பொருட்டுக் கட்டிய காப்பு அதனை உடையானையும் பற்றுமோ? மூப்பர்க்கும் பாட்டனார்க்கும் அன்று தேவைப்பட்டது இவ்வினாவிற்கு விடையே.

காப்பு என்னுஞ் சொல் தமிழிற் பல பொருளுக்கு உரியது. கைவளை காப்பு, திருவிழாவிற்கு நோன்பிருப்பார் மணிக்கட்டில் முடியும் மஞ்சட் கயிறு காப்பு, நூல் முகத்திற் பாடப்படும் கடவுள் வாழ்த்துக் காப்பு, பிள்ளைத்தமிழின் முதற் பருவமும் காப்பே. இவை யாவும் ஓர் எல்லையைச் சூழ வரைதலாகிய ஒரு கருத்தின் கிளைகள். வளை கையைச் சூழ்கின்றது. வாழ்த்து நூலைச் சூழ்கின்றது. போகிக் கொத்து வீட்டையும் கொல்லையையும் சூழ்கின்றது. ஆகவே காப்பு யார்க்கு என்னும் வினா, உண்மையில், எல்லைக்கோட்டின் உள்ளே நிற்போர் யாவர் என்பதே.

கவசம் என்னும் நூல்வகை உடம்பையே எல்லையாகக் கொண்டது. தலைமுதல் அடிவரை உறுப்புக்களை ஒவ்வொன்றாக எண்ணி, இன்ன உறுப்பை இன்ன தெய்வம் காக்க என வேண்டுவது அதன் மரபு. உறுப்பெண்ணி முடிந்தால் கவசமும் முடியவேண்டுமன்றோ? வடமொழியிலுள்ள தேவி கவசமோ அங்கு நிற்கவில்லை. உறுப்புக்களைக் கடந்து குலத்தையும் மக்களையும் மனைவியையும் எண்ணுகின்றது. அவ்வரிசையிற் கால்நடைகளையும் பெயர் சொல்லிச் சண்டிகையின் காவலில் வைக்கின்றது. எனவே அக் கவசத்தை ஓதுவான் தன் பசுவிற்கெனத் தனியே ஒன்று ஓத வேண்டுவதில்லை.

பாகவத புராணத்தின் ஆறாம் கந்தத்தில் வரும் நாராயண கவசம் வேறொரு வழியை வகுக்கின்றது. அதனைப் பூண்டவன் கண்ணால் யாரைக் காண்கின்றானோ, காலால் யாரைத் தொடுகின்றானோ அவனும் அச்சம் நீங்குவான் என்பது அங்குள்ள விதி. காப்பு பார்வை வழியாகவும் தீண்டல் வழியாகவும் பிறர்க்குச் சென்று பரவும் என்பது இதன் கருத்து. ஈண்டு ஒரு சிக்கல். வடமொழி மூலத்தில் நிற்பது ஆண்பாற் சுட்டு. ஆயினும் அம்மொழியிற் பால் என்பது சொல்லைப் பற்றியதாதலின் எவ்வுயிரையும் அதனுள் அடக்கிக் கொள்ளலாம். அதனைத் தமிழிற் பெயர்ப்பான் அவ்வாறு தப்ப இயலாது. 'எவனை' என்று எழுதினால் உயர்திணை. எருது வெளியே நிற்கும். 'எதனை' என்று எழுதினால் அஃறிணை. மனிதன் வெளியே நிற்பான். 'எவ்வுயிரை' என்று எழுதினால் இருவரும் உள்ளே வருவர்; ஆனால் அது பெயர்ப்பாளன் தந்த தீர்ப்பாகும். எம் மொழியின் முதல் இலக்கணப் பிரிவே எம்மை இவ்வினாவிற்கு விடை கூறும்படி வற்புறுத்துகின்றது.

நிற்க. எம் மூப்பர் கைக்கொண்ட வேதத்தின்கண் இவ்வினா எழவில்லையோ எனின், எழுந்துள்ளது. எகிப்திலிருந்து புறப்பட்ட இரவில் இசிரவேலர் ஆட்டுக்குட்டியின் இரத்தத்தைத் தம் வீட்டு வாயிலின் நிலைக்கால்களிலும் மேற்சட்டத்திலும் பூசினர் என்று யாத்திராகமம் கூறும். அவ்விரவு எகிப்தியரின் தலைப்பிள்ளைகள் மட்டுமன்றி அவர் கால்நடைகளின் தலையீற்றுக்களும் மாண்டன. அழிவு இருவகை உயிர்க்கும் வந்தமையின், காப்பும் இருவகைக்கும் வேண்டியதாயிற்று. ஆயின் தொழுவத்து வாயிலிலும் இரத்தம் பூசுக என ஒரு சொல்லும் அங்கில்லை. கட்டளை வீட்டு நிலைக்கு. காவலோ, மனிதர்க்கும் மிருகத்திற்கும் எதிராக ஒரு நாய்கூட நாவை அசையாது என முன்னரே சொல்லப்பட்டபடி, கொட்டில்வரை சென்றது. வீடு என்ற சொல்லுள் தொழுவமும் அடங்கிற்று எனக் கொண்டாலன்றி இது பொருந்தாது. அடுத்த அதிகாரத்திற் கழுதையின் தலையீற்றை ஓர் ஆட்டுக்குட்டியால் மீட்க வேண்டும் என்ற விதி வருகின்றது. கழுதை பலிக்கு ஆகாத விலங்கு. ஆயினும் மீட்பிற்கு உரியதாயிற்று.

யூதரின் பிற்கால ஆசிரியர் இவ்விதிகளை ஆராய்ந்த நுட்பம் எம் உரையாசிரியர்களை நினைப்பூட்டுவது. ஓய்வுநாளிற் சுமை எடுத்துச் செல்லலாகாது என்பது அவர் சட்டம். தாயத்துக் கட்டிக்கொண்டு தெருவிற் செல்லலாமோ? தாயத்து அணியாயின் செல்லலாம்; வெறுஞ் சுமையாயின் ஆகாது. மும்முறை நோய் தீர்த்து மெய்ப்பிக்கப்பட்ட தாயத்தாயின் மனிதன் அணிந்து செல்லலாம் என்றனர். மாடு செல்லலாமோ? மெய்ப்பிக்கப்பட்டதாயினும் ஆகாது என்பது பழைய விதி ஒன்று. ஏன் இந்த வேற்றுமை? தல்மூது நூலிற் சப்பாத்து என்னும் பகுதி இதற்கு ஒரு விளக்கம் தருகின்றது. அத் தாயத்து மெய்ப்பிக்கப்பட்டது மனிதனிடத்தே, மாட்டினிடத்தே அன்று. மனிதனுக்கு அவனைக் காக்கும் ஒரு விண்மீன் உண்டு. நோய் தீர்ந்தது தாயத்தால் மட்டுமோ, மீனின் துணையாலுமோ? மாட்டிற்கு அத்துணை இல்லை. ஆதலின் மனிதனைக் காத்த தாயத்து மாட்டையும் காக்கும் எனக் கொள்ளலாகாது.

இதனைப் படித்தபோது யாம் முதலில் நகைத்தோம், பின்னர் வியந்தோம். மீனை நீக்கிவிட்டு நோக்கின், ஓருயிரிடத்தே சோதித்த மருந்தை வேறோர் உயிர்க்கு அப்படியே கொடாதே என்னும் அறிவன்றோ இது? தேவி கவசம் ஒரே மூச்சில் மகனையும் மாட்டையும் காவலில் வைத்தது. இவ்வாசிரியரோ மாட்டிற்கு வேண்டிய காப்பை மாட்டினிடத்தே மெய்ப்பித்துக் காட்டுக என்கின்றனர். முன்னது அன்பின் வழி. பின்னது ஆராய்ச்சியின் வழி. எதனை ஏற்பது என்று எம்மைக் கேட்பின், மாடு நோயுற்ற நாளிற் பின்னதனையும் மற்றை நாளில் முன்னதனையும் ஏற்போம்.

நினிவே நகரத்தார் இவ்வளவு ஆராயவில்லை. யோனா தீர்க்கர் அழிவை அறிவித்தவுடன் அரசன் ஆணைப்படி மனிதரும் மாடுகளும் ஆடுகளும் ஒருங்கே உபவாசம் இருந்தன, இரட்டும் போர்த்தப்பட்டன. இரட்டு உடுத்திய எருதைக் கண்ணெதிரே நிறுத்திப் பாருங்கள்! அச் சிறு புத்தகமோ நகரத்து மக்களோடு அங்கிருந்த மிகுதியான மிருகங்களையும் ஆண்டவர் கணக்கிற் சேர்த்துக் கூறியே முடிகின்றது.

இனி எம் நாட்டிற்கு வருவோம். தருமபுரி பண்டைத் தகடூர். அதியமான் நெடுமான் அஞ்சியின் நகரம். அவன் மாண்டபின் அவனுக்கு நட்ட கல்லின் முன்னின்று ஔவையார் பாடிய பாட்டுப் புறநானூற்றில் உள்ளது. அவன் காலத்திற்குப் பிற்பட்ட நடுகற்கள் பல இன்று தருமபுரி அரசு அகழ்வைப்பகத்தில் வைக்கப்பெற்றுள்ளன. இறந்த வீரன் கல்லில் நின்று ஊரைக் காப்பான் என்பது பழந்தமிழர் துணிபு. ஆகவே நடுகல்லும் ஒரு காப்பே. கல்லைத் தேர்தல், கொணர்தல், நீராட்டல், நடுதல், படைத்தல், வாழ்த்தல் என்னும் நிலைகளைத் தொல்காப்பியப் புறத்திணையியல் முறைப்படுத்திக் கூறுகின்றது. கல் பெறுவோன் வீரன். அவனோடு வீழ்ந்த விலங்கைப் பற்றி அவ்விதி வாய் திறக்கவில்லை.

விதி வாய் திறவாத இடத்திற் கற்றச்சன் உளி பேசியது. தருமபுரிக்குக் கிழக்கே, இன்று திருவண்ணாமலை மாவட்டத்தைச் சேர்ந்த செங்கம் வட்டாரத்தில் எடுத்தனூர் என்னும் ஊர் உள்ளது. அங்குக் கண்டெடுக்கப்பட்ட நடுகல் பல்லவன் மகேந்திரவர்மனின் 34-ஆம் ஆட்சியாண்டிற்கு உரியது. ஏழாம் நூற்றாண்டின் முற்பகுதி. கருந்தேவக்கத்தி என்பான் தன் எருமைகளின் பொருட்டுப் பொருது பட்டான் என்று கல்வெட்டுக் கூறுகின்றது. கூறிவிட்டு அங்கே நிற்கவில்லை. கோவிவன் என்னும் நாய் கள்வர் இருவரைக் கடித்துக் காத்து நின்றது என்றும் பொறிக்கின்றது. வீரன் உருவத்தின் அருகே அந் நாயின் உருவமும் உண்டு. தமிழ்நாடு அரசு தொல்பொருள் ஆய்வுத் துறை 1972-இல் வெளியிட்ட செங்கம் நடுகற்கள் என்னும் தொகுதி இத்தகைய கற்களை யாவரும் அறியச் செய்தது.

எருமைகளும் ஈண்டு உள்ளன, நாயும் உள்ளது. எருமைகளுக்குப் பெயரில்லை, கல்லில் இடமுமில்லை. நாய்க்குப் பெயரும் உண்டு, உருவும் உண்டு. என்னை வேற்றுமை? எருமைகள் காக்கப்பட்டன, நாய் காத்தது. காக்கப்பட்ட பொருள் என்ற அளவில் விலங்கிற்குக் கல்லிற் பங்கில்லை. காத்தல் என்னும் தொழிலிற் பங்கு கொண்டபோது பங்கு பிறந்தது. எம் கட்டுரையின் சாவி இக்கல்லினிடத்தே கிடப்பதாக எண்ணுகின்றோம்.

கன்னட நாட்டினர் இதனினும் ஒரு படி மேலே சென்றனர். மண்டியா மாவட்டத்து ஆதகூரிற் கிடைத்த கல் கி.பி. 949–50-ஐச் சேர்ந்தது, இப்பொழுது பெங்களூர் அரசு அருங்காட்சியகத்தில் உள்ளது. தக்கோலப் போரில் மறங்காட்டிய மணலேரன் என்னும் வீரனைத் தலைவன் மகிழ்ந்து, வேண்டுவது கேள் என்றான். ஊரோ பொன்னோ கேளாமல் காளி என்னும் வேட்டை நாயைக் கேட்டுப் பெற்றான் அவன். அந் நாய் ஒரு பெரும் பன்றியோடு பொருது, பன்றியும் மாளத் தானும் மாண்டது. அதற்குக் கல் நாட்டி, நிலமும் விட்டு, அக்கல்லிற்கு வழிபாடு செய்யாமுன் கோயிற் பூசகர் உண்ணலாகாது என்றும் விதித்தனர். பூசகர் பசியோடு அக்கல்லின் முன் நின்ற காலைப்பொழுதுகளில் என்ன எண்ணினாரோ!

சாவி என்றோம், பூட்டு எது? தொல்காப்பியச் சொல்லதிகாரம். உயர்திணை, அஃறிணை என உலகை இரண்டாக வகுத்தவர் அவ்விரண்டிற்கும் இடையே கதவுகள் சிலவும் வைத்தனர். சாத்தன் என்பது விரவுப்பெயர். 'சாத்தன் வந்தான்' எனின் மனிதன், 'சாத்தன் வந்தது' எனின் எருது. ஒரே பெயர் இருவர்க்கும் பொருந்தும். வினை முடிந்த பின்னரே யார் என்பது விளங்கும். பசுவை மகிழ்ச்சி மிகுதியால் அம்மை என்று அழைப்பதையும் வழுவன்று, உவப்பினால் வந்த அமைதி என்று நன்னூலுரைகாரர் ஏற்றனர். இவை சிறு கதவுகள்.

பெரிய கதவு மூன்றாம் வேற்றுமையின் 'ஒடு' உருபில் உள்ளது. இருவர் ஒரே வினையை உடன் செய்யுங்கால் அவ்வுருபு உயர்ந்தவர் பெயரைச் சார்ந்து நிற்கும் என்பது விதி. ஆசிரியனொடு மாணாக்கன் வந்தான் என்க; உழவனொடு எருது வந்தது என்க. உயர்வு தாழ்வு அங்கு மறுக்கப்படவில்லை. உருபு நிற்கும் இடமே அதனைக் காட்டிவிடும. ஆயினும் அவ்விதி நடைபெறுதற்கு ஒன்று வேண்டும்: வினை ஒன்றாக இருத்தல். உழவன் வர, எருது கிடந்து உறங்கின் அங்கு 'ஒடு' வாராது. உடைமை என்னும் உறவிற்கு ஆறாம் வேற்றுமை உண்டு, உழவனது எருது. உடனுழைத்தல் என்னும் உறவிற்கு மூன்றாம் வேற்றுமை, உழவனொடு எருது. எருமைகள் கருந்தேவக்கத்தியினது, கோவிவன் அவனொடு.

ஆகவே எம் துணிபு இது: காப்பு செல்லும் வழி ஆறாம் வேற்றுமை அன்று, மூன்றாம் வேற்றுமையே. தனக்கு உரியது என்பதனால் அன்று, தன்னோடு ஒரு வினையில் நிற்பது என்பதனால் விலங்கு மனிதனது காப்பின் எல்லைக்குள் வருகின்றது. எம் வகுப்புத் தோழர் ஒருவர் இதனை மறுத்து, "அங்ஙனமாயின் உழைக்க இயலாத கன்றிற்கும் கிழமாட்டிற்கும் காப்பில்லையோ?" என்றார். நல்ல தடை. கன்று வினை செய்யப் போவது, கிழமாடு வினை செய்தது. தமிழில் வினைக்குக் காலம் மூன்று என்றோம். அவர்க்கு இது முற்றும் நிறைவளிக்கவில்லை. உண்மை கூறின் எமக்குமில்லை.

இனி மூப்பர் எடுத்தாண்ட வாக்கியத்தை நோக்குவோம். அப்போஸ்தலர் நுகம் என்றது உருவகம். மனிதர் உறவைச் சுட்டியது. அதனை மூப்பர் மரநுகத்தின்மேல் ஏற்றினார். மனிதர்க்குச் சொன்ன விதியை எருதுக்கு நீட்டினார் என்க. வியப்பு யாதெனின், அதே அப்போஸ்தலர் கொரிந்தியர்க்கு எழுதிய முதல் நிருபத்தில் இதற்கு மறுதலையைச் செய்கின்றார். போரடிக்கிற மாட்டை வாய்கட்டாதே என்பது மோசேயின் சட்டம். அதனை எடுத்துக்கொண்டு, இது மாட்டின் பொருட்டுச் சொல்லப்பட்டதோ, எம்பொருட்டன்றோ என வினவி, உழைக்கும் ஊழியர்க்குக் கூலி உண்டு என்று நிறுவுகின்றார். எருதுக்குச் சொன்ன விதியை மனிதர்க்கு நீட்டுகின்றார். நீட்டுதற்கு அடிப்படை அங்கும் வினையே, போரடிப்பது, உழுவது. அப்போஸ்தலர் நீட்டியதால் ஒருவர்க்கு உணவு கிடைத்தது. மூப்பர் நீட்டியதால் இருவர்க்கு ஏர் நின்றது.

காப்பு மேலிருந்து கீழே, மனிதனிடமிருந்து விலங்கிற்குச் செல்வதாகவே இதுகாறும் பேசினோம். வரலாறு அதனைத் தலைகீழாகவும் காட்டியுள்ளது. 1796-ஆம் ஆண்டில் எட்வர்டு ஜென்னர் என்னும் ஆங்கில மருத்துவர், பசுவின் அம்மைப்பாலை ஒரு சிறுவன் தோலிற் கீறி வைத்து, பெரியம்மையினின்றும் அவனைக் காத்தார். அதற்கு இட்ட ஆங்கிலப் பெயரே பசுவைக் குறிக்கும் இலத்தீன் சொல்லாகிய வாக்கா என்பதன் அடியாகப் பிறந்தது. இந்தியாவில் இக்காப்பை முதலிற் பெற்றவள் 1802-இற் பம்பாயில் இருந்த மூன்று வயதுச் சிறுமி. ஈண்டு எருதொடு உழவன் என்று 'ஒடு' இடம் மாறி நிற்க வேண்டியதாயிற்று! மாட்டினத்திற்கோ அதற்கெனவே ஆய்ந்து கண்ட மருந்துதான் வெக்கையை ஒழித்தது. யூத ஆசிரியர் கேட்ட மெய்ப்பு இதுவே. இந்தியா அந்நோய் நீங்கிய நாடென 2006-இலும், உலகமே நீங்கியதென 2011-இலும் அறிவிக்கப்பட்டன. 2019-இல் தொடங்கிய தேசியத் திட்டத்தின்படி இந்நாளிற் கோமாரிக்கு ஊசி போட எம்மூர்க்கு வரும் கால்நடை மருத்துவர் காதிற் குத்திய பன்னிரண்டு இலக்க எண்ணைக் குறிக்கின்றாரேயன்றி, மாட்டுக்காரன் எக் கோயிலுக்குச் செல்வான் என்று வினவுவதில்லை.

பின் நிகழ்ந்ததைக் கூறுவதாகச் சொன்னோம். தை கழிந்தது, மாசியும் பங்குனியும் கழிந்தன. இரு வீட்டாரும் தெருவில் எதிர்ப்பட்டால் ஒதுங்கிச் சென்றனர். சித்திரையில் முதற் கோடை மழை பெய்தது. மண் ஈரம் மூன்று நாள் நிற்கும், அதற்குள் உழவேண்டும். எம் கொட்டிலில் ஓர் எருது. அவர் கொட்டிலில் ஓர் எருது. முதல் நாள் இருவரும் தத்தம் திண்ணையில் அமர்ந்து நனைந்த நிலத்தைப் பார்த்திருந்தனர். இரண்டாம் நாளும் அவ்வாறே. மூன்றாம் நாள் விடியற்காலையில் மேல்மண் வெளுக்கத் தொடங்கியது. பாட்டனார் எழுந்து, எவரிடமும் கூறாமல், மயிலையை அவிழ்த்துக்கொண்டு அண்டை வீட்டு வாயிலிற் போய் நின்றார். அவர்க்கும் சொல் எழவில்லை. எருதின் கயிற்றை நீட்டினார். அண்டை வீட்டார் அதனைப் பெற்றுக்கொண்டு, கம்பத்தைக் காட்டி, "அண்ணா, அன்று நீங்கள் வைத்துப்போன கொத்து அங்கேயே வாடி உதிர்ந்துவிட்டது. இனிப் பயமில்லை, பூட்டலாம்" என்றாராம். அன்று உச்சிப்பொழுதுவரை எம் நிலமும் பின்னர் அந்தி மயங்குமட்டும் அவர் நிலமும் உழுதனர். அரைக்குழி எஞ்சிற்று, அது அவ்வாண்டு தரிசாகவே கிடந்தது.

மறுபோகி வந்தது. அண்டை வீட்டார் இம்முறை முன்னாடியே வந்தார். "என் கொட்டிலிற் காப்புச் செருகுவேன்; மயிலையின் கழுத்தில் முடியேன். உங்கள் போதகர் அறுவடைச் செபம் சொல்லும் நாளில் உங்கள் எருதை நிறுத்துவீர்களன்றோ? அன்று என் செவலையையும் பக்கத்தில் நிறுத்திக்கொள்ள இடந்தாருங்கள். அவை இரண்டும் தனித்தனியே நின்றால் மிரளும்" என்றார். பாட்டனார் மூப்பரிடம் சென்று இதனைக் கூறினார். மூப்பர் நெடுநேரம் வாளா இருந்துவிட்டு, "எருதுகள் மிரளலாகாது" என்று மட்டும் கூறினாராம். அவ்வாண்டு அறுவடைச் செபத்தில் இரண்டு எருதுகளும் கோயில் வளவின் புளியமரத்தடியில் ஒரே முளையிற் கட்டுண்டு நின்றன.

மயிலையும் இன்றில்லை, செவலையும் இன்றில்லை. உழவு இயந்திரத்தின் வேலையாய்விட்டது. அண்டை வீட்டார் தாம் மாய்வதற்குச் சில திங்கள் முன்னர் அந்நுகத்தைக் கொணர்ந்து எம் பாட்டனாரிடம் கொடுத்துச் சென்றார். அது எம் வீட்டுப் பரணிற் கிடக்கின்றது. சென்ற விடுமுறையில் ஏறிப் பார்த்தோம். எருதின் பிடரி பட்டுப் பட்டு இரண்டு பக்கமும் ஒன்றுபோலத் தேய்ந்துள்ளது. எப்பக்கம் எவர் எருதினது என்று தந்தையாரைக் கேட்டோம். அவர்க்கும் நினைவில்லை.